மதுவும் மனச்சோர்வும்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை



நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் ‘குடி’ என்ற சொல் வருவதே இல்லை. ‘வயிற்றுப்புண்’, ‘ஈரல் வீக்கம்’, ‘நரம்புத் தளர்ச்சி’, ‘தூக்கமின்மை’, ‘வலிப்பு’ என்றுதான் எழுதப்பட்டிருக்கும். உடன் இணைத்திருக்கும் மருத்துவச் சீட்டைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கொண்டுவருபவர் பெரும்பாலும் மனைவியாகவோ தாயாகவோ இருப்பார். நாங்கள் துருவிக் கேட்பதில்லை. மரியாதையோடு வாழ்ந்த குடும்பம் தன் மானத்தைக் காக்கப் பார்ப்பது இயல்புதான். ஆனால் இதே மறைப்பு மருத்துவரிடமும் நடக்கும்போது உயிருக்கு ஆபத்தாகிறது. அதனால்தான் இம்மாதப் பாடத்திற்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

மது ஹராம். அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. அதை ஜும்ஆ பயான்களில் ஆலிம்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது வேறு. ஏற்கெனவே அதில் விழுந்துவிட்ட ஒருவரின் மூளைக்குள் என்ன நடக்கிறது, அவர் ஏன் எப்போதும் இடிந்துபோனவராகவே இருக்கிறார், அந்தச் சோர்வு குடியால் வந்ததா, அல்லது சோர்வால்தான் குடி வந்ததா என்பதே இந்தப் பாடம். மது அடிமைநிலையும் மனச்சோர்வும் பெருமளவு மூளையின் ஒரே பகுதிகளில், ஒரே இரசாயனங்களைக் குலைத்து நடக்கும் கோளாறுகள். ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது. ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் இரண்டுமே தீருவதில்லை.

மனச்சோர்வு என்று நாம் சொல்வது ஒரு நாள் வருத்தத்தை அல்ல. செய்தித்தாள்கள் இதை ‘மன அழுத்தம்’ என்று எழுதுகின்றன. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, மனம் கனத்துக் கிடப்பது. எதிலும் நாட்டமில்லாமல் போவது. தூக்கமும் பசியும் கெடுவது. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம். சிலருக்குச் சாவைப் பற்றிய நினைப்பு. மருத்துவர்கள் இவற்றைச் சேர்த்துப் பார்த்தே நோய் என்று முடிவு செய்கிறார்கள்.

இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு கணக்கு. நியூசிலாந்து ஆய்வாளர்கள் இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியிட்டார்கள். மது நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. மனச்சோர்வு உள்ளவருக்கு மது நோய் வரும் வாய்ப்பும் அதேபோல் இரு மடங்கு. இதில் எது எதற்குக் காரணம் என்று ஆராய்ந்தபோது, குடி முன்னே போய் மனச்சோர்வைக் கொண்டுவருவதற்கே கூடுதல் சான்று இருப்பதாக அவர்கள் முடிவு சொன்னார்கள். ‘கவலையை மறக்கக் குடிக்கிறேன்’ என்பவரின் கணக்கு தலைகீழாக இருக்கலாம்.

நம் நாட்டு நிலவரம் 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில் இருக்கிறது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். அடிமைநிலைக்குப் போனவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற 37 பேரும் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

தராசும் கட்டைவிரலும்

நம்மில் பலர் வியாபாரக் குடும்பத்தினர். அதனால் தராசை வைத்தே சொல்கிறோம்.

மூளையில் ஒரு தட்டில் அமைதிப்படுத்தும் இரசாயனம் இருக்கிறது. அதன் பெயர் காபா. மறு தட்டில் விழிப்பையும் வேகத்தையும் தருவது. அதன் பெயர் குளூட்டமேட். ஆரோக்கியமான மூளையில் முள் நடுவில் நிற்கும். மது உள்ளே போனதும் காபா தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறது; குளூட்டமேட் தட்டைத் தூக்கியும் விடுகிறது. உடல் தளர்கிறது, பயம் போகிறது, நாக்கு குழறுகிறது. குடிப்பவர் ‘நிம்மதி’ என்று சொல்வது இதைத்தான்.

தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது. முள்ளை நடுவுக்குக் கொண்டுவர அது எதிர்த் தட்டில் எடைக்கற்களை ஏற்றுகிறது. அமைதி தரும் வாசல்களின் வேலை மந்தமாகிறது. வேகம் தரும் வாசல்கள் கூடுகின்றன. இப்போது அதே நிம்மதிக்கு இரண்டு மடங்கு குடிக்க வேண்டும். சில ஆண்டுகளில் நிம்மதிக்காக அல்ல, நடுங்காமல் நிற்பதற்கே குடிக்க வேண்டிய நிலை வருகிறது. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்கு போன பிறகே தேநீர்க் குவளையைப் பிடிக்க முடிகிறவர் இந்த நிலையில் இருக்கிறார்.

இப்போது ஒரே நாளில் கட்டைவிரலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எடைக்கற்கள் அத்தனையும் மறு தட்டில். தராசு ‘தடார்’ என்று சாயும். கடைசி மடக்குக்கு ஆறேழு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். வேறு சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அறிவு தடுமாறும். இல்லாத ஆட்களோடு பேசுவார்கள். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள். காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் சேரும். இதைச் சிகிச்சையின்றி விட்டால் உயிர் போகலாம். வேறு பல போதைப் பொருட்களைத் திடீரென நிறுத்தினால் வேதனைதான் அதிகம். மதுவைத் திடீரென நிறுத்துவதோ ஆளையே கொல்லக் கூடியது. இதைப் பலர் அறிவதில்லை.

நோன்பின் மூன்றாம் நாள்

ஆண்டு முழுவதும் குடித்தாலும் ரமளான் பிறை கண்டதும் நிறுத்திவிடுபவர்கள் நம் சமுதாயத்தில் உண்டு. அந்த வெட்கமும் அச்சமும் உள்ளே ஈமான் மிச்சமிருப்பதன் அடையாளம் என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் தினமும் கடுமையாகக் குடித்தவர் பிறை இரவில் நிறுத்தினால், அவருடைய ஆபத்தான நாட்கள் முதல் நோன்பிலிருந்து நான்காம் நோன்புக்குள் வரும். அப்போது கை நடுங்கினால் ‘நோன்புக் களைப்பு’ என்கிறோம். வியர்த்தால் ‘சர்க்கரை குறைந்துவிட்டது’ என்கிறோம். மூன்றாம் இரவில் பிதற்றினால் ‘ஜின் பிடித்திருக்கிறது’ என்று தாயத்துக்கும் தண்ணீர் ஓதுவதற்கும் ஓடுகிறோம். ஓதிப் பார்ப்பதை நாங்கள் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் போகும்போதும் ஓதலாம்.

இதே கதை வேறு வேடத்திலும் வரும். கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தவர், முதல் இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் குழாய்களைப் பிடுங்கி எறிகிறார். ‘மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று உறவினர்கள் சொல்கிறார்கள். குடிப்பழக்கம் உண்டு என்று சேர்க்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மருத்துவர் அன்றே தடுப்பு மாத்திரை தொடங்கியிருப்பார்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. நீண்ட நாள் குடிப்பவரின் உடலில் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். களைப்பாக இருக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சத் தயமினும் செலவாகி மூளை பாதிப்பு தீவிரமாகலாம். குழப்பம், தள்ளாட்டம், கண்பார்வை நிலைகொள்ளாமை ஆகியவை அதன் அறிகுறிகள். கார்ல் வெர்னிக்கி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881-லேயே இதை விவரித்திருக்கிறார். தாமதித்தால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடும். முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ் என்பது மருத்துவர்கள் அறிந்த ஒழுங்கு. ஆனால் எதிரே இருப்பவர் குடிப்பவர் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

‘அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் குறைக்கச் சொல்கிறீர்களா?’ என்று யாரும் எங்களைக் கேட்க வேண்டாம். மருத்துவமனையில் மதுவைக் குறைத்துக் கொடுப்பதில்லை. மதுவை முற்றாக நிறுத்திவிட்டு, தராசின் அதே தட்டைத் தாங்கிப் பிடிக்கும் வேறு மாத்திரையைக் கொடுத்து, அந்த மாத்திரையைத்தான் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அந்த மாத்திரைகளுக்கும் பழகிவிடும் தன்மை உண்டு. ஆகவே மருந்துக் கடையில் நாமே வாங்கிக் கொடுக்கக் கூடாது.

இன்பத்தின் வாசல் அடைபடுவது

இனி மனச்சோர்வுக்கு வருவோம். 1954-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பி பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே சிறு மின்தூண்டல் போகும்படி செய்தார்கள். குறிப்பிட்ட இடங்களில் கம்பி இருந்தபோது எலிகள் திரும்பத் திரும்ப நெம்புகோலையே அழுத்தின. மூளையில் இன்பத்துக்கும் ஊக்கத்துக்கும் தனிப் பாதை உண்டு என்ற ஆராய்ச்சி அங்கிருந்து வளர்ந்தது. அந்தப் பாதையில் ஓடும் முக்கிய இரசாயனம் டோபமைன். பசிக்குச் சோறு, பிள்ளையின் சிரிப்பு, நாலு காசு லாபம், பெருநாள் காலை என்று எதைக் கண்டு நாம் மகிழ்ந்தாலும் அங்கே டோபமைன் கொஞ்சம் சுரக்கும். ‘மீண்டும் செய்’ என்று சொல்வது அதுதான்.

மது அதே பாதையில் வழக்கத்துக்கு மேல் டோபமைனைப் பாய்ச்சுகிறது. பல மாதங்கள் இப்படிப் பாய்ந்தால் மூளை தன் வாசல்களைக் குறைத்துக்கொள்கிறது. அது போதாதென்று டைனார்ஃபின் என்ற இன்னொரு பொருள் கூடிவந்து, இன்பத்தை உணரவிடாமல் அழுத்துகிறது. விளைவு? பேரன் ஓடிவந்து மடியில் ஏறினாலும் மனம் அசைவதில்லை. நெய்ச்சோறு வைத்தாலும் மண் போல இருக்கிறது. மனச்சோர்வு நோயின் தலையாய அறிகுறியும் இதுவே: எதிலும் ருசியின்மை. குடிக்காத ஒருவருக்கு மனச்சோர்வில் எந்தப் பாதை மங்குகிறதோ, அதே பாதையைக் குடிகாரர் தன் கையாலேயே மங்கடிக்கிறார். ‘பெற்ற பிள்ளை மேல்கூடப் பாசமில்லை, பாட்டில் மேல்தான் பாசம்’ என்று வீட்டில் அழுவார்கள். பாசம் போய்விடவில்லை, அதை உணரும் கருவி மழுங்கிப் போயிருக்கிறது. அந்த மனைவிக்கு இது ஆறுதலாகாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் உண்மை நிலை இது.

அடுத்தது கவலையின் கருவி. ஆபத்து வந்தால் மூளை அபாயமணி அடிக்கும்; சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் கார்ட்டிசாலைச் சுரக்கும்; ஆபத்து போனதும் மணி நிற்க வேண்டும். கடும் மனச்சோர்வு உள்ள பலருக்கு அது நிற்பதில்லை. டெக்சாமெத்தசோன் மாத்திரையைக் கொடுத்தால் சாதாரண ஆளுக்கு மறுநாள் கார்ட்டிசால் இறங்கும். இவர்களில் பலருக்கு இறங்காது. குடியை அண்மையில் நிறுத்தியவர்களைச் சோதித்தால் அவர்களிலும் பலருக்கு அதே போல இறங்குவதில்லை. ஒரே மணி, ஒரே பழுது. அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனத்துக்கு 2014-ல் இயக்குநரான ஜார்ஜ் கூப் இதை அடிமைத்தனத்தின் ‘இருண்ட பக்கம்’ என்று அழைத்தார். தொடக்கத்தில் சுகம் தேடிக் குடித்தவர், பிற்காலத்தில் உள்ளே அடிக்கும் அந்த மணியைச் சிறிது நேரம் நிறுத்தவே குடிக்கிறார் என்பது அவர் விளக்கம். குடித்ததும் மணி நிற்கும். போதை தெளிந்ததும் முன்னைவிட உரக்க அடிக்கும்.

நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி, முடிவெடுப்பதும் ‘வேண்டாம்’ என்று தடுப்பதும் அதன் வேலை, இரண்டு நோயிலும் தளர்கிறது. ஆகவே ‘மனது வைத்தால் விட்டுவிடலாமே’ என்று சொல்லும்போது, மனது வைக்கும் உறுப்பே காயப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி மது நோய்க்கான சாய்வில் ஏறக்குறைய பாதி பரம்பரை வழியே வருகிறது. மனச்சோர்வில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அத்தா குடித்தார் என்றால் மகன் குடித்தே தீருவான் என்று இதற்கு அர்த்தமல்ல. முதல் மடக்கு மற்றவனைவிட அவனுக்கு அதிக ஆபத்து என்றே அர்த்தம். அதைத் தொடவே கூடாது என்ற தடையின் அருமை அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நான்கு வாரக் கணக்கு

எது முந்தியது, குடியா சோர்வா என்ற கேள்விக்கு மருத்துவர்கள் கையாளும் வழி எளிமையானது: முதலில் குடியைப் பாதுகாப்பாக நிறுத்தி, பிறகு காத்திருந்து பார்ப்பது. 1988-ல் அமெரிக்காவில் வெளிவந்த பிரவுன், ஷக்கிட் ஆகியோரின் ஆய்வில், மது நோய்க்காகச் சேர்ந்த 191 ஆண்களைக் கவனித்தார்கள். சேர்ந்த உடனே பார்த்தபோது 42 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருந்தது. மதுவின்றி நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது 6 விழுக்காட்டினருக்கே அது மிஞ்சியிருந்தது. தனி மருந்து இல்லாமலேயே மற்றவர்களுக்கு மேகம் கலைந்துவிட்டது.

இதிலிருந்து குடும்பத்தார் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, குடியை நிறுத்திய முதல் இரண்டு வாரம் அவர் முன்னைவிட மோசமாகத் தோன்றுவார். எரிந்து விழுவார், அழுவார், தூங்க மாட்டார். ‘குடித்தபோதே மேல்’ என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள். அது தராசு நேராகிக்கொண்டிருக்கும் காலம். இரண்டாவது, நான்கு வாரம் கழிந்தும் ஒருவர் அதே இருளில் இருந்தால், அது குடி விட்டுச்சென்ற நிழல் அல்ல. தனியாக ஒரு மனச்சோர்வு நோய் அடியில் கிடக்கிறது. குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே சோர்ந்திருந்தவர், தற்கொலை எண்ணம் உள்ளவர் ஆகியோர் விஷயத்தில் நான்கு வாரம் காத்திருக்கவும் கூடாது. மருத்துவர் உடனே தொடங்குவார்.

ரமளானும் ஏறக்குறைய நான்கு வாரம்தான். மருத்துவத் துணையோடு அந்த மாதம் முழுதும் நின்றவருக்குப் பெருநாளன்று முகம் தெளிந்திருந்தால், அவரை வருத்தியது மது என்று அவரே கண்டுகொள்ளலாம். ஆனால் ஷவ்வாலில் திரும்பப் போனால் இரண்டு ஆபத்து. ஒரு மாதத்தில் உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும், பழைய அளவு இப்போது அதிக அளவு. மேலும் நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு அடுத்த நிறுத்தமும் முந்தையதைவிடக் கடுமையாகக் கூடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதன் பலனுக்கு ஒரு நல்ல சான்று 2010-ல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார், மது நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 170 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், ஒன்றுக்கு மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. எல்லோருக்கும் வாராவாரம் ஆலோசனையும் உண்டு. 14 வாரச் சிகிச்சையில் முற்றிலும் குடிக்காமல் நின்றவர்கள், இரண்டும் பெற்ற பிரிவில் பாதிக்கு மேல்; மற்ற மூன்று பிரிவுகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர். எல்லா ஆய்வும் இப்படிப் பளிச்சென்று வருவதில்லை. எந்த மருந்து யாருக்கு என்பதை ஈரலின் நிலையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

‘மனச்சோர்வு ஈமான் பலவீனத்தால் வருவது, அதற்கு எதற்கு மாத்திரை?’ என்று கேட்கும் பெரியவர்கள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் முன்னோர் ஒருவரையே சாட்சி வைக்கிறோம். இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-பல்கி ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்து, கி.பி. 934-ல் மறைந்தவர். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதிய அவர், கவலையை வகை பிரித்தார். இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணமே தெரியாமல் உடலுக்குள்ளிருந்து எழுவது மற்றொன்று. பின்னதற்கு உடல் வைத்தியம் வேண்டும் என்றார். டோபமைன் என்ற பெயரை அவர் அறிந்திருக்க முடியாது. ஆனால் அவர் நோயாளியின் ஈமானைச் சந்தேகிக்கவில்லை. (பேச்சுவாக்கில் ஒன்று: ‘ஆல்கஹால்’ என்ற சொல்லே அரபியிலுள்ள ‘அல்-குஹ்ல்’, நம் வீட்டுச் சுர்மாவின் பெயரிலிருந்து போனதுதான்.)

மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் போதை தருபவை அல்ல. இரண்டு முதல் ஆறு வாரம் கழித்தே பலன் தெரியும். ஒரு வாரம் சாப்பிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நிறுத்துவதும், நலமானதும் தானாக நிறுத்துவதும்தான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விளம்பரம் செய்து விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைக்கூட ஒளித்துக் கொடுக்கக் கூடாது. 1940-களில் டென்மார்க்கில் ஹால்ட், யாகப்சன் என்ற இருவர் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்தபோது, பிறகு மது அருந்தியதும் உடல் கலங்கிப்போனது. அப்படித்தான் அதன் குணம் வெளிப்பட்டது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில வேளை இதயமே நின்றுவிடும். தான் அதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கே அது பாதுகாப்பு.

அறையில் பூட்டுவதும் சங்கிலியில் கட்டுவதும் வைத்தியமல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், கொட்டகைக்குள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நம் மாநிலத்தார் மறக்க முடியாது. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் உறவினர்கள்தாம், வேறு வழி தெரியாத உறவினர்கள்.

உயிரைப் பற்றிய கேள்வியை வெளிப்படையாகக் கேளுங்கள். மனச்சோர்வு சாக நினைக்க வைக்கிறது. மது அந்த நினைப்புக்குக் குறுக்கே நிற்கும் தடையை அகற்றுகிறது. இரண்டும் சேர்ந்த இரவு மிக ஆபத்தானது. ‘உங்களுக்கு உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று அமைதியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பல பேருக்குப் பாரம் இறங்கும். ஆமென்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முயன்று பிழைத்தவரைப் போலீஸ் தண்டிக்கும் என்ற பயத்தில் மறைக்கவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அவர் கடும் மனவேதனையில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. தண்டனையை விலக்கி, சிகிச்சை தரும் பொறுப்பை அரசுக்கு வைக்கிறது. எந்த நேரமும் தமிழில் பேச 14416 என்ற அரசு மனநல எண் இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. இரண்டும் கட்டணமில்லை.

வீட்டுப் பெண்களையும் மறக்கக் கூடாது. ஒரு சொட்டும் தொடாத மனைவிக்கு, வருடக்கணக்கில் அந்த அபாயமணியோடு வாழ்ந்ததால் மனச்சோர்வு வந்திருக்கலாம். கணவரை அழைத்துச் செல்லும் அதே நாளில் அவரும் மருத்துவரிடம் தன்னைக் காட்டிக்கொள்ளட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சில மஹல்லாக்களில் குடிப்பவருக்கு அபராதம், நிக்காஹ் பதிவேடு மறுப்பு என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இன்னும் தொடாத இளைஞனை அது தடுக்கலாம். அடிமைநிலைக்குப் போனவரை அது பக்கத்து ஊர்க் கடைக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். அவர் குடும்பத்தை இன்னும் மறைக்க வைக்கிறது. தண்டம் வாங்குவதற்குமுன் மருத்துவச் சீட்டு ஒன்று கேட்டால் என்ன? சிகிச்சையில் இருப்பவர் மீது கட்டுப்பாட்டைத் தள்ளிவைப்பது பற்றி நிர்வாகக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வரும் ரமளானில் நிறுத்த நிய்யத் வைத்திருப்பவர்கள் பிறை வரை காத்திராமல் ஷஅபான் மாதம் பிறந்ததுமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றுவிடுவது நல்லது. சிகிச்சையின் கடுமையான பத்து நாள் நோன்புக்கு முன்பே முடிந்துவிடும். காலையில் எழுந்ததும் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், வயதானவர், ஈரல் நோய் உள்ளவர் ஆகியோரை வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்கவே வேண்டாம். துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு அறக்கட்டளையிலிருந்து ஒருவர் உடன் வருவார். போக்குவரத்துச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: கடைசியாகக் குடித்த நாளும் மணியும், தினமும் குடிக்கும் அளவு, எத்தனை ஆண்டுகளாக, முன்பு வலிப்பு வந்ததா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், சோர்வு குடிக்கு முன்பே இருந்ததா பிறகு வந்ததா.